பழத்தட்டுப் பக்கம் வைத்த இலை

எல்லோரும் பூப் போடச் சொன்னார்கள். நான் இலை போட்டேன். இலை போட்டேன் என்றதும் பந்திக்குக் கூப்பிடுகிறேன் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நான் சொல்வது அலங்கார இலை. கல்யாண மேடையிலும் ஹோட்டல் வாசல் ஜாடியிலும் பூவுக்குப் பின்னால் பச்சையாக நிற்குமே, அது.

பூவை விட்டுவிட்டு இலைக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச காலம் கழித்து, கோட்டையூர் ஓரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் எதையாவது பயிர் செய்யலாம் என்று இறங்கினேன். மல்லிகை போடு என்றார்கள். நல்ல பயிர்தான். ஆனால் நான் பூக்கூடையோடு போய் நின்றால், வாங்குகிறவள் பூவைப் பார்க்கும் முன் என் நெற்றியைப் பார்ப்பாள். பூவும் பொட்டும் என்று சேர்த்தே சொல்லிப் பழகிய ஊர் இது. இலைக்கு அந்தச் சங்கடம் கிடையாது, அதை யாரும் தலையில் சூடுவதில்லை, அதில் யாரும் சகுனம் பார்ப்பதில்லை என்று கணக்குப் போட்டேன். நிழல்வலைக்கு அடியில் மூன்று வகை வைத்தேன். ஒன்று, எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற குரோட்டன்ஸ். இன்னொன்று, பச்சையில் மஞ்சள் கோடு போட்ட நீள இலை, டிரசீனா. மூன்றாவது அஸ்பராகஸ். நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு அது தங்கச்சி முறை. தொட்டால் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று இருக்கும்.

காரைக்குடியில் மேடை அலங்காரம் செய்கிற தம்பி ஒருவர் அதுவரை பெங்களூரிலிருந்து பெட்டி பெட்டியாக இலை வரவழைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே பாதி செத்துப்போகும். சரி, பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று என்னிடம் வாங்க ஆரம்பித்தார். "அக்கா, ஒங்க இலை அழகாத்தான் இருக்கு. ஆனா நம்ம வெயிலுக்கு நிக்கணும்ல" என்பார். நிற்க வைக்கிறேன் பார் என்று எனக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது.

வெட்டிய இலையைச் சாகவிடாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முதலில் நான் செய்தது, பூக்காரர்கள் எல்லோரும் செய்வது: தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். சாக்குக்குள் சூடு ஏறி இலையெல்லாம் கறுத்து வழவழவென்று ஆகிவிட்டது. பிறகு வெயில் ஏறும் முன் வெட்டினேன். கத்தரிக்கோல் தண்டை நசுக்குகிறது என்று தெரிந்ததும் கத்திக்கு மாறி, சாய்வாக வெட்டினேன். வெட்டிய கையோடு வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். தண்ணீருக்குள் முங்குகிற இலையை உருவிப் போட்டேன். அது அழுகித்தான் தண்ணீர் கெட்டுப்போகிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வாளியில் வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். தளிரை வெட்டுவதை நிறுத்தினேன். தளிர் கண்ணுக்கு அழகு, ஆனால் மதியம் தாங்காது. முற்றிய இலைதான் தாங்கும். மனுஷரிலும் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வேன், எனக்கும் வயது ஆகிறதே.

இப்படி ஒரு வழியாக இலை நிற்க ஆரம்பித்த நேரத்தில்தான் அந்த வைகாசிக் கல்யாணம் வந்தது.

கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. குடும்பம் சென்னையில் இருந்தது, பெண்ணின் கல்யாணத்துக்காகப் பூட்டைத் திறந்து வெள்ளையடித்திருந்தார்கள். தம்பிக்கு முந்தின நாள் சிங்கம்புணரியில் வேறொரு மேடை வேலை இருந்ததால் இலையை இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிடச் சொன்னார். நானே ஏற்றிக்கொண்டு போனேன். வாளிகளோடு நின்றவளைப் பெண்ணின் அம்மாதான் எதிர்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய ஆச்சி. கண்ணாடி, நெற்றியில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு, இடுப்பில் சாவிக்கொத்து.

"ரெண்டாங்கட்டுல உள்ளறை இருக்கு, அங்குட்டு கொண்டுபோய் வைங்க. இந்த வீட்டுலயே குளுகுளுன்னு இருக்கிறது அதுதான். வெயில் எட்டிக்கூடப் பாக்காது" என்றார்.

இலைமேல் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். கதவைத் திறந்ததும் மாம்பழ வாசம் ஆளைத் தூக்கியது. சீர்வரிசைத் தட்டுகளை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். மாம்பழம், வாழைப்பழம், ஆப்பிள் என்று கோபுரம் கோபுரமாக. ஆகா என்று மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, வாளிகளைத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்தேன். சூடு உள்ளே வராமல் இருக்கக் கதவை இறுக்கச் சாத்திவிட்டும் வந்தேன்.

கல்யாணத்தன்று விடியலில் தம்பியின் ஆட்கள் மேடை கட்டினார்கள். நான் பின்பக்கம் நின்று ஜாடிகளில் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இலை கொஞ்சம் வெளிறின மாதிரி தெரிந்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பூட்டும் நேரம் வந்தது. தாலி கட்டுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. எல்லோரும் அட்சதையோடு எழுந்தார்கள். அந்த அசைவுக்கே குரோட்டன்ஸ் பொலபொலவென்று கொட்டியது. காம்போடு கழன்று ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் விழுந்தது. அஸ்பராகஸ் ஊசி ஊசியாக மரத்தூள் மாதிரி பெண்ணின் தலையில் உதிர்ந்தது. அட்சதையோடு அட்சதையாக அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் என் கண் ஆச்சியைத் தேடியது. அவர் மேடையில் இல்லை. தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். சடங்கையெல்லாம் பெண்ணின் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆச்சிக்குச் சமையல்கட்டில் ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. கொஞ்ச நாளைக்கு இலை வேணாம்."

"ஏன் தம்பி? உதிந்துருச்சுன்னா? அது ஏன்னு பாத்துருவோம்."

"அதுக்கில்லக்கா. இலை யாரு தோட்டத்துதுன்னு அந்த ஆச்சி கேட்டாக. நானும் சொன்னேன். புருஷன் இல்லாதவ கை பட்ட இலை மேடையில நிக்குமான்னு சொல்லிட்டாக. பக்கத்துல நின்னவுகளும் கேட்டுட்டாக. இப்ப அடுத்த வீட்டுக்காரவுக, அந்த அம்மா தோட்டத்து இலை வேணாம்ங்கிறாக. நான் என்னக்கா செய்யட்டும்?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இது அதுகூட இல்லை. காக்கை பறந்துபோய் வருஷக்கணக்கான பிறகு விழுந்த பழத்துக்குக் காக்கையைப் பிடித்துக் கட்டி வைக்கிற கதை. சகுனம் பார்க்கமாட்டார்கள் என்றுதானே பூவை விட்டு இலைக்கு வந்தேன்? இங்கேயும் வந்துவிட்டார்களே என்று நெஞ்சு எரிந்தது. அன்று சாயங்காலம் தோட்டத்துக்குள் போய் நின்று ஒன்றை முடிவு செய்தேன். இலை எதனால் உதிர்ந்தது என்று கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து, என் கையால் வெட்டிய இலையை மறுபடியும் கல்யாண மேடையில் ஏற்றுவேன். அதுவரை ஒரு செடியைக்கூடப் பிடுங்கமாட்டேன்.

தம்பியின் கிடங்குக்குப் போனேன். மேடையைப் பிரித்துக் குப்பையாகக் குவித்து வைத்திருந்ததைக் கிளறினேன். குரோட்டன்ஸ் வெறும் குச்சியாகக் கிடந்தது. அஸ்பராகஸ் மஞ்சள் பூத்துக் கிடந்தது. டிரசீனா மட்டும் நேற்று வெட்டின மாதிரி விறைப்பாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே சிரித்துவிட்டேன். என் கைதான் காரணம் என்றால், டிரசீனாவையும் நான்தானே வெட்டினேன்? என் கைத்தோஷம் ஆள் பார்த்தா பிடிக்கிறது?

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். முதலில் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டேன். குழாய்த் தண்ணீர், போர்வெல் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்று தனித்தனி வாளியில் நிறுத்தினேன். சர்க்கரை கொஞ்சம் போட்டு எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா சர்பத்து?" என்று கேலி செய்தாள். அவள் கணவர் துபாயில் இருக்கிறார். அவளுக்குப் பொழுது போவதே என் தோட்டத்தில்தான். தண்ணீர் நாறாமல் இருக்கத் துளி பிளீச்சிங் பவுடரும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனால் அந்தக் கல்யாணத்தில் கொட்டிய மாதிரி எதிலும் கொட்டவில்லை. எப்படி நிறுத்தினாலும் நின்றது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. நிற்கவில்லை என்று கவலைப்பட்ட காலம் போய், ஏன் உதிரமாட்டேன் என்கிறாய் என்று இலையோடு சண்டை போட்டேன்.

பிறகு ஒரு நாள் மழை வருகிற மாதிரி காற்று அடித்தது. வெளியே இருந்த வாளிகளை அவசரமாக உள்ளே தூக்கினேன். ஒன்றை வைக்க இடமில்லாமல் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கினேன். அங்கே வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் பழுத்தது. அந்த வாளியை மறந்தே போனேன். இரண்டு நாள் கழித்துக் கதவை இழுத்தால், தரை முழுக்க குரோட்டன்ஸ் இலை. அதே கொட்டு. காம்போடு கழன்ற அதே கோலம்.

துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மாங்காய் பழுக்காவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அரிசிப் பானைக்குள் போட்டு, கூடவே ஒரு பழுத்த பழத்தையும் வைத்து மூடுகிறோம். அந்த ஒரு பழம் மற்ற எல்லாவற்றையும் பழுக்க வைத்துவிடும். பழத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பித்தானே காயைப் பழுக்க வைக்கிறது? காயைப் பழுக்க வைப்பது இலையைச் சும்மா விடுமா? மூடிய அறை, கோபுரம் கோபுரமாக மாம்பழம், பக்கத்தில் என் வாளிகள். நானே இறுக்கிச் சாத்திய கதவு. பிறகு போனில் தேடிப் படித்தபோது அந்த மூச்சுக்கு எத்திலீன் என்று பெயர் போட்டிருந்தது, டிரசீனா அதற்கு அவ்வளவாக அசையாது என்றும் போட்டிருந்தது. எனக்கு அன்று பெயர் தேவைப்படவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது.

தெரிந்தால் போதாது, மற்றவர்கள் நம்ப வேண்டும். பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டு, "ஒரு ரெண்டு வாளிக்கு இலை வெட்டிக் குடு" என்றேன்.

"எதுக்குக்கா?"

"ஒனக்குப் புருஷன் நல்லா இருக்காருல்ல, அதுக்கு."

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் கோபம் வந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். அவள் வெட்டியதில் ஒரு வாளியும் நான் வெட்டியதில் ஒரு வாளியும் வாழைப்பழத்தோடும் கடைசி மாம்பழங்களோடும் ஓர் அறையில் வைத்துச் சாத்தினோம். மற்ற இரண்டு வாளிகளையும் பழவாசமே படாத முன்னறையில் வைத்தோம். திறந்து பார்த்தபோது, பழ அறையில் இருவர் இலையும் கொட்டிக் கிடந்தது. முன்னறையில் இருவர் இலையும் நின்றது.

தான் வெட்டிய குச்சிகளைப் பார்த்துத் தங்கச்சி கன்னத்தில் கை வைத்தாள். "ஐயையோ, இருங்கக்கா, துபாய்க்கு ஒரு போனப் போட்டுக்கிறேன். எம் மச்சான் நல்லாத்தானே இருக்காக?" என்றாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்த வைகாசிக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

நாலு வாளியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெரிய வீட்டுக்குப் போனேன். இரண்டாவது பெண்ணுக்கும் ஆவணியில் கல்யாணம் என்பதால் ஆச்சி ஊரிலேயே தங்கியிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

வாளிகளை முற்றத்தில் வரிசையாக வைத்தேன். "ஆச்சி, இது நாலும் ஒரே தோட்டத்து இலை. இது ரெண்டும் புருஷன் இருக்கிறவ வெட்டுனது, இது ரெண்டும் நான் வெட்டுனது. பழத்துப் பக்கத்துல வச்ச ரெண்டும் கொட்டிருச்சு. தள்ளி வச்ச ரெண்டும் நிக்கிது. கையில ஒன்னுமில்ல. அன்னைக்குக் கொட்டுனதுக்குக் காரணம் ஒங்க உள்ளறையில இருந்த சீர்ப்பழம்."

ஆச்சி தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாளியாகத் தொட்டுப் பார்த்தார். நிற்கிற இலையை லேசாக இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"அப்ப பழந்தானா?" என்றார்.

"பழந்தான்."

"வேற ஒன்னும் இல்லையே? நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன் ஆச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் அன்னைக்கு மேடைக்கு வரல. எங்க வீட்டுக்காரவுக போய்ச் சேந்து நாலஞ்சு வருஷமாச்சு. பெத்த பொண்ணு கல்யாணத்துல தூணுக்குப் பின்னாடி நின்னேன். திருப்பூட்டுறப்ப மட்டும் மனசு கேக்காம ஒரு தடவ எட்டிப் பாத்தேன். பாத்த நிமிஷம் எல்லாம் கொட்டுச்சு. எங் கண்ணுதான் பட்டுருச்சுன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அப்புறம் அந்தத் தம்பி ஒன்னப் பத்திச் சொன்னான். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. தூக்கி ஓம் மேல போட்டுட்டேன்."

மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட இவருக்குப் பொருந்தவில்லை. கோபமும் முழுதாகப் போய்விடவில்லை. பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை. ஆனால் பெற்ற பெண்ணை ஒரு கணம் எட்டிப் பார்த்ததற்காக இத்தனை நாள் உள்ளுக்குள் தன்னையே குற்றவாளியாக வைத்திருந்த அந்த முகத்தைப் பார்த்து, நானும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஆவணிக் கல்யாணத்துக்கு எங் கை இலைதான் மேடையில நிக்கணும்" என்றேன். "நீங்களும் அங்க நிக்கணும்."

"ஊரு என்னாங்கும்?"

"நீங்க பழத்தட்ட முதல்ல வேற கட்டுல வைங்க. ஊரு என்னாங்குதுன்னு அப்புறம் பாப்போம்."

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் ஆச்சி என் தோட்டத்துக்கு வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கத்தியக் குடு. நானும் வெட்டுறேன். நிக்கிதான்னு பாப்போம்" என்றார். முற்றிய இலை எது, சாய்வாக எப்படி வெட்டுவது என்று காட்டினேன். அவர் வெட்டியதையும் நான் வெட்டியதையும் பிரித்து வைக்கவில்லை. ஒரே வாளியில் நிறுத்தினோம். அவற்றை அவர்கள் வீட்டில் முன்கட்டு அறையில் வைத்தோம். பழத்தட்டெல்லாம் பின்கட்டில் இருந்தது. அதன் சாவி ஆச்சி இடுப்பில் இருந்தது. மேடைத் தம்பி மட்டும் முந்தின நாள் வரை, "அக்கா, மறுபடி கொட்டுச்சுன்னா எம் பொழப்பே போயிரும்" என்று அனத்திக்கொண்டே இருந்தார்.

அன்று காலை மேளம் உச்சத்துக்குப் போனபோது ஆச்சி மேடையில் நின்றார். நாத்தனார் ஒருத்தி ஏதோ கிசுகிசுத்தாள், அவர் அசையவில்லை. ஊரே மாப்பிள்ளை கையைப் பார்த்தது. நானும் ஆச்சியும் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அட்சதை விழுந்தது. சனம் எழுந்தது. ஓர் இலைகூட விழவில்லை. அதன் பிறகுதான் ஆச்சி தலையைத் திருப்பி, தன் பெண்ணை நேராகப் பார்த்தார்.

கல்யாணம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பின், மேடையிலிருந்து ஒரு ஜாடியை மட்டும் ஆச்சி வீட்டில் வைத்துக்கொண்டார் என்று தம்பி சொன்னார். சில நாள் கழித்து ஆச்சியே போன் செய்தார்.

"இலை இன்னும் நிக்கிது" என்றார்.

"தண்ணி மாத்துனீகளா ஆச்சி?"

"தெனம் மாத்துறேன். அடித்தண்டையும் கொஞ்சம் வெட்டி விடுறேன், நீ சொன்ன மாதிரி." ஜாடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "இதுல நீ வெட்டுனது எது, நான் வெட்டுனது எதுன்னு உத்து உத்துப் பாக்குறேன். தெரியவே இல்ல."